மஞ்சள் துண்டுக்கு அர்த்தம்

எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம் நான் கோவளத்திலிருந்து மகாபலிபுரத்துக்கு நடந்து போனேன். பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் ஊர் வந்துவிடும். அந்தத் தூரத்தை நாங்கள் நாலு நாள் நடப்பதாகத் திட்டம். அதற்காக ஆறு பேர் வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வந்திருந்தார்கள்.

நான் அப்போது மகாபலிபுரத்தில் கைடு. லைசென்ஸ் இல்லாத கைடு. செங்கல்பட்டு பஜாரில் என் அப்பாவுக்கு, நாங்கள் அத்தா என்போம், ஒரு சின்னத் துணிக்கடை இருந்தது. அதில் அண்ணன் உட்கார்ந்துவிட்டதால் எனக்கு உட்கார இடமில்லை. காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்து, வெள்ளைக்காரர்கள் வந்து இறங்குகிற இடத்தில் போய் நிற்பேன். சிற்பங்களைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வேன். தெரியாததைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வேன். வாய் மட்டும் இல்லாவிட்டால் உன்னை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று அம்மா சொல்வாள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பெரிய பாறைச் சிற்பத்துக்கு முன்னால் நின்று ஒரு ஜோடிக்கு வழக்கம்போல் அளந்துவிட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பெரியவர் அரைமணி நேரமாகக் கேட்டுக்கொண்டே நின்றார். வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தாடி, வெள்ளைக் கான்வாஸ் ஷூ. தொலைந்தோம், விஷயம் தெரிந்தவர் போலிருக்கிறது என்று எனக்கு வியர்த்துவிட்டது. அவரோ அருகில் வந்து என் தோளைத் தொட்டு, எனக்குள் ஒரு ஒளி இருப்பதாகச் சொன்னார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அதைக் கவனித்ததில்லை.

அவரை எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிட்டார்கள். மெட்ராஸில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற பிறகு ஞானம் வந்தவர். மனுஷன் இயற்கையை விட்டு விலகிப் போய்விட்டான், தன் சுமையைத் தானே முதுகில் தூக்கிக்கொண்டு கடலோரமாக நடந்து, காட்டில் படுத்து, பேசாமல் இருந்தால் மறுபடியும் ஒட்டிக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. அப்படி ஒட்டிக்கொள்ள ஆள் தயாராக இருக்கிறது, கரையையும் கரைக்காரர்களையும் தெரிந்த ஒரு பையன்தான் வேண்டும் என்றார். நான் அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவன் என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் எங்கள் ஊர் கொளவாய் ஏரி. கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அது கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது என்பதுதான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அம்மாவுக்குப் புரியவே இல்லை. மூட்டை தூக்கிக்கொண்டு நடப்பதற்கா அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள், அவர்கள் ஊரில் மூட்டை இல்லையா என்று கேட்டாள்.

ஐயாவின் விதிகளில் முக்கியமானது மௌனம். நாலு நாளும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவசரத்துக்கு எழுதிக் காட்ட ஆளுக்கொரு சிலேட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற அதே சிலேட்டுகளை செங்கல்பட்டு பஜாரில் நான்தான் வாங்கி, ஓட்டை போட்டு, கயிறு கட்டிக் கொண்டுபோனேன். ஆறு பேரும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஐயாவும் மாட்டிக்கொண்டார். ஆனால் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் மௌனத்தின் பெருமையைப் பற்றி அவர் பேசுவார். அது கணக்கில் சேராது. குப்பங்களில் கஞ்சிக்கும் தண்ணீருக்கும் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்ததால் எனக்கு மட்டும் வாய்க்கு விலக்கு. எட்டுப் பேரில் பகல் முழுக்கப் பேசக்கூடியவன் நான் ஒருத்தன். திருடனிடம் சாவிக் கொத்தைக் கொடுத்தது மாதிரி ஆகிவிட்டது.

முதல் நாள் கோவளத்தைத் தாண்டும்போதே வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. முதுகில் ஆளுயர நைலான் மூட்டையும் கழுத்தில் சிலேட்டுமாக வெள்ளைக்காரர்கள் வரிசையாகப் போனால் யார்தான் பார்க்க மாட்டார்கள். மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு அம்மா, "இன்னா விக்கிறாங்க பாய்?" என்று கேட்டாள். ஒன்றும் விற்கவில்லை, சும்மா நடக்கிறார்கள் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி பள்ளிக்கூட டீச்சர். நாற்பது வயதிருக்கும். வெயிலில் மூக்குத் தோல் உரிந்து, நண்டு மாதிரிச் சிவந்திருந்தாள். மற்றவர்கள் கண்ணை மூடி ஞானம் தேடிக்கொண்டிருந்தபோது இவள் மட்டும் கண்ணைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்ததையெல்லாம் சிலேட்டில் எழுதி என்னிடம் நீட்டுவாள்: அது என்ன, இவர் என்ன சொல்கிறார். நான் சொல்லும் பதிலை ஒரு பச்சை அட்டை நோட்டில் பொடி எழுத்தில் எழுதிக்கொள்வாள். அவளைப் போல என் பேச்சை மரியாதையாகக் கேட்டவர்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கேட்கிற ஆள் கிடைத்துவிட்டால் என் வாய் நிற்குமா?

இரண்டாம் நாள் விடியற்காலையில் நெம்மேலிப் பக்கம் ஒரு மணல்மேட்டில் எல்லோரும் சம்மணம் போட்டுத் தியானத்தில் உட்கார்ந்தார்கள். இடம் பார்த்துக் கொடுத்தவன் நான்தான். கொஞ்ச நேரத்தில் குப்பத்திலிருந்து சொம்பும் கையுமாக ஒரு கிழவி வந்தாள். எங்களைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள் பாருங்கள், காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. பொம்பளைங்க ஒதுங்குற இடத்துல வந்து குந்திக்கினு கீறீங்களே, சூடு சொரணை இல்லையா என்பதுதான் அதில் எழுதத் தகுந்த பகுதி. டீச்சர் கண்ணைத் திறந்து சிலேட்டை நீட்டினாள். இந்த மண் புனிதமானது, உட்கார்ந்தவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று பாட்டி வாழ்த்துகிறார் என்றேன். அவள் எழுந்து போய்க் கிழவியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கிழவி பயந்து இரண்டடி பின்னால் போய், சொம்போடு திரும்பி நடந்துவிட்டாள்.

அன்று ராத்தங்கல் ஐயா சொன்ன காட்டில். காடு என்றால், விறகுக்காக ஒரு முதலாளி வரிசை வரிசையாக நட்டிருந்த சவுக்குத் தோப்பு. கயிறு பிடித்து நட்ட மரங்கள். ஆதி வனத்தின் மூச்சைக் கேளுங்கள் என்று ஐயா பேசிக்கொண்டிருக்கும்போதே காவல்காரன் தடியோடு வந்து, எவன்டா அது, வெறகு திருட வந்தீங்களா என்று கத்தினான். இவர் வனத்தைக் காக்கிறவர், மரங்களுக்குத் தொந்தரவு கூடாது என்று வேண்டிக்கொள்கிறார் என்றேன். அதுவும் பச்சை நோட்டில் ஏறியது. எனக்கே என்னைப் பார்த்துக் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை இங்கே ஒளிக்கப் போவதில்லை.

மூன்றாம் நாள் காலை, தோப்பை விட்டு வெளியே வந்து கரையில் நின்றோம். சூரியன் கிளம்பி ஒரு பனை உயரம் வந்திருக்கும். தூரத்தில் ஒரு கட்டுமரம் தெரிந்தது. அதில் ஒரே ஒரு ஆள். எங்களைப் பார்த்துவிட்டு மரத்தின் மேல் எழுந்து நின்றான். துடுப்பின் நுனியில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டி, தலைக்கு மேலே தூக்கி இப்படியும் அப்படியும் மெதுவாக ஆட்டினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

டீச்சர் சிலேட்டை நீட்டினாள். அவர் என்ன செய்கிறார்?

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த ஐம்பது வருஷத்தில் எத்தனையோ தடவை அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த வார்த்தை என் வாயில் பழக்கமே இல்லை. இது எங்கள் கரை மீனவர்களின் சூரிய வணக்கம் என்று ஆரம்பித்தேன். வலை போடுவதற்கு முன்னால் சூரியனுக்கும் கடலரசனுக்கும் இப்படித் துணி காட்டி உத்தரவு கேட்பார்கள், கரையில் யாராவது நின்றால் அவர்களையும் சேர்த்து வாழ்த்துவார்கள், பதிலுக்கு நாம் கை கூப்ப வேண்டும் என்றேன். ஐயா இதைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டார். முதல் ஆளாகக் கையைக் கூப்பியவர் அவர்தான். அப்புறம் ஆறு பேரும். அத்தா பார்த்தால் என்ன சொல்வாரோ என்று நினைத்துக்கொண்டே நானும் கூப்பினேன். தொழில் ஆயிற்றே.

அந்த ஆள் இன்னும் வேகமாக ஆட்டினான். நாங்கள் இன்னும் பக்தியாக நின்றோம். கொஞ்ச நேரம் கழித்துத் துடுப்பை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டான். பூஜை முடிந்தது, போகலாம் என்றேன்.

பகல் முழுக்க நடந்து, பொழுது சாய்கிற நேரத்தில் மகாபலிபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே கஞ்சிக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். ஆனால் ஒரு கூரையிலும் புகை இல்லை. ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பெண்கள் எல்லோரும் கரையில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயா சிலேட்டில் எழுதிக் காட்டினார்: பாருங்கள், இந்த எளிய மக்கள் இன்று உபவாசம்.

நான் கஞ்சியைப் பற்றிக் கேட்கப் போனேன். மகாபலிபுரத்துக்கு மீன் கொண்டுவருகிறவர்கள் என்பதால் அங்கே சிலருக்கு என்னைத் தெரியும். கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து என் பக்கம் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். அழுது முடித்த முகம்.

"கைடு பாய், நீங்க கரையோரமாத்தானே வந்தீங்க? கடல்ல யாரனா பாத்தீங்களா?"

அவள் புருஷன் முந்தாநாள் தூண்டில் போடத் தனியாகப் போனவன். நேற்று மதியமே திரும்பியிருக்க வேண்டும். வடக்கே பாறை இருக்கிற பக்கம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனானாம். ஆம்பிளைகள் நேற்றிலிருந்து வடக்கேயும் கிழக்கேயும் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தார்கள். நான் இல்லையே என்று தலையாட்டப் போனேன். அதற்குள் அவள் அடையாளம் சொன்னாள்: சின்ன மரம், ஒத்த ஆளு, தலையில் மஞ்சள் துண்டு கட்டியிருப்பான்.

பார்த்தேன் என்றேன். காலையில், சவுக்குத் தோப்புக்கு நேராக, தூரத்தில் என்றேன்.

"துண்டத் தூக்கிக் காட்னாரா?"

"ஆமா."

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"கும்பிட்டோம்."

அவள் என்னை அறைந்திருக்கலாம். நான் கன்னத்தைக் கொடுத்திருப்பேன். அவளோ என் முகத்தையும் எனக்குப் பின்னால் சிலேட்டோடு நின்றவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆம்பிளைகள் இருந்த பக்கம் ஓடினாள்.

கரைக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. துடுப்பில் துணி கட்டித் தூக்கினால் உதவிக்குக் கூப்பிடுகிறான் என்பது அங்கே நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். அந்தக் கரையில் பிறந்து வளர்ந்த எனக்குத்தான் தெரியாது. காலையிலே தோப்புக்கு நேரே இருந்தான் என்றால், இந்தத் தை மாசத்தில் தண்ணீர் தெற்கே இழுப்பதால் இந்நேரம் மகாபலிபுரத்தையும் தாண்டிப் போயிருப்பான் என்று வயதான ஒருவர் கையை நீட்டிக் காட்டினார். இரண்டு கட்டுமரங்களைத் தண்ணீரில் தள்ளினார்கள்.

நான் திரும்பி வந்து ஆறு பேரிடமும் நடந்ததைச் சொன்னேன். மூன்று நாள் மௌனம் ஒரே நொடியில் உடைந்தது. எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஐயா கையை உயர்த்தி, பதற்றம் யாருக்கும் உதவாது, அமர்ந்து நல்ல எண்ணங்களைக் கடலுக்கு அனுப்புவோம் என்றார். டீச்சர் கழுத்திலிருந்த சிலேட்டைக் கழற்றி அவர் காலடியில் மணலில் வைத்தாள். தன் மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டி, இரண்டு டார்ச் லைட்டையும் ஒரு நைலான் கயிற்றுச் சுருளையும் எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய்க் கட்டுமரக்காரர்களிடம் கொடுத்தாள். மூன்று நாள் சுமந்து வந்ததில் ஒருத்தருக்குப் பயன்பட்டவை அவைதான். என்னை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ராத்திரியைப் பற்றி எழுத மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் தனியாக நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்து அந்தப் பெண்தான், "குந்து பாய், எவ்ளோ நேரம் நிப்ப" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் முன்னால் மரங்கள் திரும்பின. போனது இரண்டு. அவற்றில் ஒன்று மூன்றாவதாக ஒரு மரத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. டீச்சர் கொடுத்த அந்த நைலான் கயிற்றில்தான் கட்டியிருந்தார்கள். சதுரங்கப்பட்டினத்துக்கு நேராக, கரை கண்ணுக்கே தெரியாத தூரத்தில் கிடைத்தானாம். கட்டு அவிழ்ந்து ஒரு கட்டை கழன்று போயிருந்தது, காற்றுக்குக் கட்டுகிற பாயும் போய்விட்டது. இருந்ததை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. ஆனால் உயிர் இருந்தது. அல்லாவே என்று மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எனக்கு அதில் வெட்கமில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாக் கூரையிலும் புகை கிளம்பியது.

அவனைப் படுக்க வைத்து, அவன் பெண்சாதி கஞ்சித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். நாங்களும் சுற்றி நின்றோம். ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. வெள்ளை ஜிப்பாவோடு முன்னால் வந்து, நேற்றுக் காலை எட்டுப் பேர் ஒரே மனதோடு செய்த பிரார்த்தனைதான் இந்த மனிதனைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடித்தது என்று இங்கிலீஷில் ஒரு சின்னப் பிரசங்கமே செய்தார். படுத்திருந்தவன் கண்ணைத் திறந்து, பெருசு இன்னா சொல்றாரு என்று என்னைக் கேட்டான். அப்படியே சொன்னேன்.

அவன் சிரிக்கப் பார்த்தான். உதடு வலித்ததால் நிறுத்திக்கொண்டான்.

"கரையில எட்டுப் பேரு தெரிஞ்சதும் உசுரு வந்துச்சு பாய். அப்பால பாத்தா, எட்டுப் பேரும் கையக் கூப்பிக்கினு நிக்கிறாங்க. சர்தான், நாம செத்துப் பூட்டோம், அதான் கும்பிட்றாங்கன்னு நெனச்சிக்கினேன். அதோட துடுப்ப எறக்கிட்டேன்."

அவன் மறுபடியும் கஞ்சிக்கு வாயைத் திறந்தான்.

டீச்சர் என் பக்கம் திரும்பி, அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். என்னிடம் அவள் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவள் என்னைக் கொஞ்சம் தள்ளி, கவிழ்த்து வைத்திருந்த ஒரு கட்டுமரத்தின் பக்கம் அழைத்துப் போனாள். பச்சை நோட்டைத் திறந்து முதல் பக்கத்தில் விரலை வைத்தாள்.

இது?

மீன் கூடைக்காரி என்ன விற்கிறார்கள் என்று கேட்டாள் என்றேன். பாதயாத்திரைக்காரர்களை வணங்குகிறாள் என்று நான் சொன்னதாக அதில் இருந்தது. அவள் பென்சிலால் அடித்தாள். இது? கிழவி திட்டினாள், அது பெண்கள் ஒதுங்குகிற இடம். அடித்தாள். இது? காவல்காரன் நம்மை விறகுத் திருடர்கள் என்றான், அது காடே இல்லை. அடித்தாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். பரீட்சைப் பேப்பர் திருத்துவது மாதிரி, பொறுமையாக, பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டே போனாள். மூன்று நாளில் நான் அவ்வளவு பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கடைசிப் பக்கத்தில் துடுப்பையும் துண்டையும் படமாகவே வரைந்து வைத்திருந்தாள். துண்டுக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தாள். கீழே என் சூரிய வணக்கம் முழுசாக ஒரு பக்கத்துக்கு இருந்தது. அதை அடிக்காமல், படத்தின் மேல் விரலை வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கன்னு கூப்பிட்டார்" என்றேன். "அவ்வளவுதான்."